ஐஸ் பெட்டி மூடி ஏன் தொங்குச்சு? ஒரு கண்ணாடி இழை மேட் கணக்கோட கதை

போன ஐப்பசில நாகப்பட்டினத்துல மாமாவோட ஃபைபர் யார்டுல, அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் வெச்சுப் படகுச் சாமான் செய்யற எடத்துல, நடந்தது இது. விசைப்படகு ஐஸ் பெட்டிக்குப் போடுற மூடி ஒண்ணு, நான் கணக்குப் போட்டு லேயரக் கொறச்சுக் குடுத்தது, மோல்டுலேர்ந்து எடுத்து ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஆள் ஏறி நின்னப்ப டொக்குன்னு உள்ள போயி, இறங்குனதும் டொக்குன்னு வெளிய வந்துச்சு. உடையலை, விரிசலும் இல்ல. ஆனா மேல நின்னு வலை இழுக்கிறவன் காலுக்கடில தகர டின் மாதிரி ஒரு பலகை ஆடுச்சுன்னா அவன் அடுத்த தடவ நம்ம யார்டு பக்கமே வர மாட்டான். மாமா ஒண்ணும் திட்டல. "மாப்ளே, கம்ப்யூட்டர்ல நின்னுச்சுல்ல, அப்ப ஆளையும் கம்ப்யூட்டர்லயே நிக்கச் சொல்லு"ன்னு மட்டும் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

என்ன கேட்டாங்க, நான் என்ன குடுத்தேன்ங்கிறத மொதல்ல சொல்லிடுறேன். பழைய மூடி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஏழு லேயர்: 450 மேட், 600 ரோவிங், மறுபடி மேட்னு மாத்தி மாத்தி, நாலு மேட் மூணு ரோவிங். அடில 25 சென்டிமீட்டர் கட்டமா ரிப், அதாவது தாங்கு சட்டம். தொழில் தெரியாதவங்களுக்கு: மேட்ங்கிறது ரெண்டு இஞ்ச் நீளத்துல வெட்டின கண்ணாடி இழைய வைக்கோல் தூவுன மாதிரி கன்னாபின்னான்னு பரப்பி ஒட்டினது, ரோவிங்ங்கிறது கோரைப்பாய் மாதிரி நெய்தது, 450, 600ங்கிறது ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிராம் கண்ணாடின்னு. படகுக்காரர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, இந்த மூடிய ஒரு ஆளா தூக்க முடியல, இடுப்பு போகுது, கொஞ்சம் எடையக் கொறச்சுக் குடுங்கன்னு. ஒரு மேட் ஒரு ரோவிங்க எடுத்துட்டா சதுர மீட்டருக்கு 9.6 கிலோ 6.9க்கு வந்துடும். அஞ்சு லேயர் தாங்குமாங்கிறதுதான் கேள்வி.

மாமா யார்டுல இதுக்கெல்லாம் ஒரு மூடி செஞ்சு ஏறி குதிச்சுப் பாப்பாங்க, அவ்ளோதான். நான் தான் வேலையக் காட்டுறேன்னு நியூமரிக்கல் ஹோமோஜெனைசேஷன் பண்ணிடுவோம்னு லேப்டாப்பத் தொறந்தேன்.

இந்த ஹோமோஜெனைசேஷன் எதுக்குன்னா, இழை இழையா மாடல் பண்ண முடியாதுங்கிறதுக்கு. ஒரு கண்ணாடி இழை 13 மைக்ரான் தடிமன்னு வெச்சுக்கங்க. 450 மேட் ஒரு சதுர மீட்டர்ல இருக்கிற இழையெல்லாம் நீட்டிக் கட்டினா சுமார் 1,300 கிலோமீட்டர் வரும். நம்ம காவேரி தலைக்காவேரில பொறந்து பூம்புகார்ல கடல்ல சேர வரைக்கும் 800 கிலோமீட்டர் தான், அதாவது ஒரு மேட்டுல இருக்கிற இழைய வெச்சு ஆத்தோட போயிட்டு பாதிக்கு மேல திரும்பியும் வந்துடலாம். மூடில அந்த மாதிரி மூணு மேட், அதுக்கு மேல ரோவிங் வேற. எந்தக் கம்ப்யூட்டரும் இத அப்படியே முழுங்காது. அதனால ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு மட்டும் இழையும் அத ஒட்டிப் புடிக்கிற ரெசினும் எப்படி இருக்குன்னு வரஞ்சு, அத ஆறு விதமா இழுத்து, நெரிச்சு, உள்ள வர்ற ஸ்ட்ரெஸ்ஸோட (பரப்புக்கு இவ்ளோன்னு வர்ற விசை) சராசரிய எடுத்தா, இந்தக் கலவைக்குச் சமமான ஒரே சீரான பொருள் எது, அதோட விறைப்பு என்னன்னு கெடச்சுடும். அப்புறம் மூடிய அந்தக் கற்பனைப் பொருளால செஞ்சதா நெனச்சு சாதாரணத் தட்டுக் கணக்கு போட்டுக்கலாம். பெட்டிக்கு ஆர்.வி.இ.னு பேரு (ரெப்ரசென்டேட்டிவ் வால்யூம் எலிமென்ட், மொத்தப் பொருளுக்கும் மாதிரியா நிக்கிற துண்டு), 1963ல ஹில்ங்கிற ஆராய்ச்சியாளர் அதுக்கு ஒரு வரையறை குடுத்தாரு: பொருளோட சராசரி அமைப்பு பெட்டிக்குள்ள முழுசா இருக்கணும், அதோட பெட்டி விளிம்புல எப்படி இழுத்தாலும் விடை மாறாத அளவுக்கு பெட்டி பெருசா இருக்கணும். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறோமே, அதே தான், ஆனா மேட் மாதிரி கன்னாபின்னா பொருளுக்கு ஒரு சோறு பத்தாது, ஒரு கரண்டியாவது எடுத்துப் பாக்கணும்.

பெட்டியே எதுக்கு, கையாலயே போட்டுடலாமேன்னு கேப்பாங்க. போடலாம், ஆனா விடை எங்க வேணா இருக்கலாம். விறைப்ப ஜிகாபாஸ்கல்ல சொல்லுவாங்க: கண்ணாடி 72 ஜிகாபாஸ்கல், பாலியெஸ்டர் ரெசின் காய்ஞ்சப்புறம் 3.3, ஒண்ணுக்கொண்ணு 22 மடங்கு. 1889ல வோய்ட் சொன்ன மாதிரி ரெண்டும் ஒரே அளவு நீளுதுன்னு எடுத்து, கனஅளவுல 17 சதவீதம் கண்ணாடின்னா 15 வரும். 1929ல ராய்ஸ் சொன்ன மாதிரி ரெண்டும் ஒரே ஸ்ட்ரெஸ் வாங்குதுன்னா 4 கூட வராது. உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. 4க்கும் 15க்கும் நடுவுலன்னு போயி மாமாகிட்ட சொன்னா அடுத்த டீக்கு என்னையும் கூப்பிட மாட்டாரு.

அதனால ரெண்டு படியா போனேன். மொதப் படி ஸ்ட்ராண்டு, அதாவது நூத்துக்கணக்குல இழை சேந்த கத்தை. அதுக்குள்ள இழை 60 சதவீதம்னு எடுத்து, தேன்கூடு மாதிரி அறுகோண அடுக்குல ஒரு குட்டிப் பெட்டி. இது சுகமான வேலை, ஒரு ராத்திரில முடிஞ்சுது. நீளவாக்குல 44, குறுக்குல 14 சொச்சம். நீளவாக்கு நம்பர் வோய்ட் கணக்கோட கிட்டத்தட்ட அச்சா ஒத்துப்போகும், ஏன்னா அந்தத் திசைல நெஜமாவே ரெண்டும் ஒண்ணா நீளுது. ரெண்டாவது படி, இந்த ஸ்ட்ராண்டுங்கள குச்சியா வெச்சு, தளத்துக்குள்ள எந்தத் திசைலயும் விழற மாதிரி ஒரு பெட்டில தூவி மேட் செய்யறது. ரோவிங்குக்குத் தனியா ஒரு நெசவுக் கண்ணி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு போற ஒரு அலகு போதும், அதச் சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப தப்பு எங்க நொழஞ்சுதுன்னு பாருங்க. யார்டுல மூத்த கைக்காரர் ஒருத்தர் இருக்காரு, அண்ணேன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "அண்ணே, மேட்டுக்கு எவ்ளோ ரெசின் போறீங்க"ன்னு கேட்டேன். "கிலோ மேட்டுக்கு ரெண்டேகால், ரெண்டரை கிலோ போகும் தம்பி, ரோவிங்குக்கு சரிக்குச் சரி"ன்னாரு. மனசுலயே வகுத்து மேட்டுல கண்ணாடி 30 சதவீதம், ரோவிங்ல 50ன்னு நோட்டுல எழுதிக்கிட்டேன். அவர் சொன்னது கிலோ. நான் பெட்டில போட்டது கனஅளவு. கண்ணாடி ஒரு கனசென்டிமீட்டர் 2.55 கிராம், காய்ஞ்ச ரெசின் 1.2 தான், அதனால எடைல 30 சதவீதம்னா கனஅளவுல 17 சதவீதம் கூட முழுசா வராது, 50ன்னா 32. இது காலேஜ்ல மொத வாரம் சொல்லிக் குடுக்கிறது. எனக்குத் தெரியாம இல்ல, அந்த நிமிஷம் தோணல, அவ்ளோதான்.

வெக்கக்கேடு என்னன்னா ப்ரோக்ராமே என்னத் தடுத்துப் பாத்துச்சு. ஸ்ட்ராண்டுக்குள்ள இழை 60 சதவீதம்னா, மேட்டுல மொத்தம் 30 வரணும்னா பெட்டில பாதி இடத்த ஸ்ட்ராண்டே அடைக்கணும். குச்சிய ஒவ்வொண்ணா ஏதோ ஒரு எடத்துல, ஏதோ ஒரு திசைல போடும், ஏற்கனவே இருக்கிறது மேல இடிச்சா எடுத்துட்டு வேற எடம் தேடும், இதுதான் முறை. மூணுல ஒரு பங்கு நெறஞ்சதும் நின்னுடுச்சு. ராத்திரி பூரா ஓடவிட்டும் ஒரு குச்சி கூட நொழையல. நான் என்ன நெனச்சேன்? அல்காரிதம் சரியில்லன்னு நெனச்சேன். குச்சியச் சாணி தட்டுற மாதிரி தட்டையாக்கி, குறுக்க வர்றத வளைச்சு, மேல இருந்து அழுத்தி அழுத்தி 50க்குக் கொண்டாந்துட்டேன், ரெண்டு நாள் பெருமையா வேற இருந்துச்சு. கன்னாபின்னான்னு படுத்திருக்கிற நீளக் குச்சிங்க அழுத்தம் இல்லாம அவ்ளோ நெருக்கமா படுக்காது, வைக்கோல் போர் போட்டவனுக்கு இது தெரியும். கைல ரோலர் உருட்டிச் செய்யற மேட்டும் அதே காரணத்தால தான் 15, 20 சதவீதத்துல நிக்குது. எடம் இல்லன்னு பெட்டி சொன்னது யார்டு சொன்ன அதே விஷயம், நான் தான் ரெண்டு பேரையும் கேக்கல.

அப்படி அடைச்ச பெட்டிய கால்குலிக்ஸ்ங்கிற விறைப்புக் கணக்கு சாஃப்ட்வேர்ல போட்டு, ஆறு பக்கத்தையும் ஒரே சீரா நகத்தி இழுத்தேன். மேட் 13.5 ஜிகாபாஸ்கல்னு வந்துச்சு, ரோவிங் 23.5. அஞ்சு லேயர் அடுக்குல வளைவுன்னு வரும்போது வெளி லேயருக்குத்தான் மவுசு, கணக்குப் பாத்தா விறைப்புல நூத்துக்கு மேட்டுங்க 85 பங்கு, ரோவிங் 15 பங்கு, கூட்டினா 15 ஜிகாபாஸ்கல். தடிமன மட்டும் கணக்குலேர்ந்து எடுக்காம, யார்டுல கெடந்த ஒரு அஞ்சு லேயர் துண்ட வெர்னியர்ல அளந்து 4.8 மில்லிமீட்டர்னு போட்டேன். 25 சென்டி கட்டத்து நடுவுல 70 கிலோ ஆள் நின்னா 3.3 மில்லி தொங்கும். 5 மில்லிக்குள்ள இருந்தா போதும்னு நானே ஒரு எல்லை வெச்சிருந்தேன். பாஸ். செஞ்சாங்க. டொக்கு.

அன்னைக்கு சாயங்காலமே அந்த மூடி ஓரத்துல அம்பது மில்லி அகலத்துக்கு நாலு பட்டை வெட்டி, ரெண்டு கம்பி மேல 40 சென்டி இடைவெளில வெச்சு, நடுவுல மூணு கிலோ எடைக்கல்லத் தொங்கவிட்டு, எவ்ளோ எறங்குதுன்னு அளக்க டயல் கேஜ் வெச்சேன். என் கணக்குப்படி 5.7 மில்லி எறங்கணும். எறங்குனது 10.6. திருப்பிப் போட்டா வளைவு விறைப்பு 8 ஜிகாபாஸ்கல், ரோவிங் பங்கக் கழிச்சா மேட் 7 கூட இல்ல, 6.9. நாலு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்லுச்சு, அதனால ஏதோ ஒரு எடத்துல ரெசின் கம்மியாகிப் போன கதை இல்ல இது. முழுப் பலகையும் அப்படித்தான்.

13.5 எங்க, 6.9 எங்க. பாதி.

மொதல்ல மனசு ஓடுனது தொழிலாளிங்க பக்கம், இதச் சொல்லித்தான் ஆகணும். மழை நேரம், ரெசின் சரியா செட் ஆயிருக்காது, ரெசின இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்ட கம்மியா ஊத்தியிருப்பாங்க, குமிழி விட்டிருப்பாங்கன்னு. கொஞ்சம் உண்மையும் இருந்துச்சு, அதுக்கு வர்றேன். ஆனா அத நிரூபிக்கத்தான் ஒரு காலேஜ் லேப்ல கெஞ்சி ஃபர்னஸ் வாங்கி துண்ட எரிச்சேன், ஏ.எஸ்.டி.எம். டி2584ங்கிற சோதனைத் தரக் குறிப்புல சொல்ற மாதிரி 565 டிகிரில. ரெசின் பூரா எரிஞ்சு போயி வெள்ளையா கண்ணாடி மட்டும் மிஞ்சும், சூடு ஆறினதும் பழைய புத்தகத்துப் பக்கம் மாதிரி லேயர் லேயரா பிரிச்சே எடுக்கலாம், மேட் தனி ரோவிங் தனி. எடை போட்டா மொத்தத்துல கண்ணாடி 37 சதவீதம், மேட்டுல மட்டும் பாத்தா 30. அண்ணன் சொன்ன அதே 30. கைக்காரர் ஒரு கிராம் கூடத் தப்பு பண்ணல.

அந்த வெள்ளைப் பக்கங்களப் பாத்துக்கிட்டே பஸ்ல வர்றப்பதான், திருவாரூர் தாண்டி எங்கயோ, நோட்டுப் பின்பக்கத்துல இந்தக் கணக்கப் போட்டேன். மூணு மேட் 1,350 கிராம், ரெண்டு ரோவிங் 1,200, மொத்தம் 2,550 கிராம். கண்ணாடி 2.55. அதாவது ஒரு சதுர மீட்டர் மூடில இருக்கிற கண்ணாடிய எல்லாம் உருக்கி ஒரே தகடா ஊத்தினா சரியா ஒரு மில்லிமீட்டர் கனம். மூடி 4.8 மில்லி. அப்ப கனஅளவு பங்கு 0.21, அதுக்கு மேல எந்த ஃபர்னஸும் வேண்டாம். நான் கம்ப்யூட்டர்ல என்ன வெச்சிருந்தேன்? 4.8 மில்லில மேட்டுக்கு 0.30, ரோவிங்குக்கு 0.50, கூட்டினா 1.75 மில்லி கண்ணாடி. கடைல வாங்காத முக்கால் மில்லி கண்ணாடி, கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, அது என் ப்ரோக்ராம்ல மட்டும் இருந்துச்சு. அதுவும் பாருங்க, 0.30, 0.50னே நேர்மையா நம்பியிருந்தா தடிமனையும் அதுலேர்ந்தே எடுத்திருக்கணும், 2.7 மில்லின்னு வந்திருக்கும், வெர்னியர் 4.8ங்குதேன்னு அப்பவே முழிச்சிருப்பேன். விறைப்ப ஒரு பலகைலேர்ந்தும் தடிமன இன்னொரு பலகைலேர்ந்தும் எடுத்து ஒட்டினேன். அப்படி ஒரு பலகை உலகத்துலயே இல்ல.

வீட்டுக்கு வந்து பெட்டிய மறுபடி கட்டினேன். ஸ்ட்ராண்டு பங்கு 28 சதவீதம்தான் இப்ப, அதனால அரை மணி நேரத்துல பெட்டி நெறஞ்சிடுச்சு, ஒரு குச்சியையும் நெரிக்க வேண்டியதில்ல. இழுத்தா 9.3. இந்த ஒரே திருத்தத்துல 13.5லேர்ந்து 9.3, வித்தியாசத்துல பாதிக்கு மேல இங்கயே போயிடுச்சு.

அடுத்தது விளிம்பு. இதுதான் எனக்குப் புடிச்ச பகுதி, கொஞ்சம் நின்னு சொல்றேன். பெட்டி விளிம்ப ஒரே சீரா நகத்துறோம்னா, விளிம்புல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் நம்ம சொன்ன எடத்துக்குத்தான் போகணும்னு கட்டாயப்படுத்துறோம். நெஜப் பொருள்ல அங்க ரெசின் இருந்தா நல்லா நீளும், கண்ணாடி முனை இருந்தா நீளாது, அந்தச் சுதந்திரத்தப் புடுங்கிட்டா பெட்டி இருக்கிறத விட விறைப்பாத் தெரியும். அதுக்கு மாறா, விளிம்புல ஒரே சீரான விசைய மட்டும் குடுத்தா, ரெசின் இருக்கிற எடம் பிச்சுக்கிட்டுப் போயி இருக்கிறத விடத் தொளதொளன்னு தெரியும். ஒண்ணு மேல் எல்லை, ஒண்ணு கீழ் எல்லை, 1990ல ஹூவே இத முறையா நிறுவினாரு. பெட்டி பெருசாக ஆக ரெண்டும் கிட்ட வரும், ஆனா மேட்ல ஒரு குச்சியே அம்பது மில்லி நீளம், அதுக்கு நாலஞ்சு மடங்கு பெட்டி கட்ட என் லேப்டாப்புக்கு சக்தி இல்ல. நடுவழி என்னன்னா பீரியாடிக் விளிம்பு. இடது பக்கம் எப்படி நெளியுதோ அப்படியே வலது பக்கமும் நெளியணும், நெளியறது எவ்ளோங்கிறது உன் இஷ்டம். மார்கழில தெருவடைச்சுக் கோலம் போடறப்ப ஒரு கட்டத்த வரஞ்சு அடுத்தடுத்து ஒட்டிக்கிட்டே போனா கோடு ஒடையாம சேருதில்ல, அந்த மாதிரி வலது ஓரத்துல வெளிய போற குச்சி இடது ஓரத்துல உள்ள வரணும். ஹில்லும் மாண்டலும் கேக்கிற நிபந்தனை, அதாவது பெட்டிக்குள்ள சேருற சக்தியோட சராசரியும் சராசரி ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் (எத்தன பங்கு நீளுதுங்கிறது) ரெண்டையும் பெருக்கி வர்ற சக்தியும் ஒண்ணா இருக்கணும்ங்கிறது, மூணு விளிம்புக்கும் சரியா வரும். அதனால நிபந்தனை சரியா வந்துடுச்சு, விடையும் சரின்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம், நான் நெனச்சேன்.

இதுக்கு கால்குலிக்ஸ விட்டுட்டு எஃப்.எஃப்.டி. (ஃபாஸ்ட் ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்) முறைக்கு மாறினேன், 1994ல மூலினெக்கும் சுக்கேவும் கொண்டாந்தது. பெட்டியச் சின்னச் சின்னக் கட்டியா வெட்டி, மெஷ் போடற, அதாவது உருவத்துக்குத் தக்கபடி வலை பின்னுற, தலைவலியே இல்லாம, ஃபூரியர் வழியா சுத்திச் சுத்தி ஸ்ட்ரெயினத் திருத்திக்கிட்டே போகும், பீரியாடிக்ங்கிறது அதோட ரத்தத்துலயே இருக்கு. மெஷ் போட்டே முடி கொட்டுனவங்களுக்கு இது வரம். ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலா இருபது சின்னப் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் குச்சி வேற வேற மாதிரி தூவி, சராசரி எடுத்தேன், கனிட்டும் கூட இருந்தவங்களும் 2003ல காட்டின வழி. ஒத்தப் பெட்டிங்க 7.9லேர்ந்து 9.4 வரைக்கும் ஆடுச்சு, சராசரி 8.6. என் மொதக் கணக்கு ஒரே ஒரு பெட்டியோட நின்னுடுச்சுங்கிறத இங்க ஞாபகப்படுத்திக்கிறேன். தடிமன் வாக்குல பீரியாடிக்ங்கிறது பொய் தான், ஒரு மேட் லேயர்ல மேல கீழன்னு சில குச்சிங்கதான் இருக்கு, முடிவில்லாம அடுக்கிக்கிட்டே போகல. ஆனா எனக்கு வேண்டியது தளத்துக்குள்ள இருக்கிற விறைப்பு மட்டும், அதனால கண்ணை மூடிக்கிட்டேன்.

அப்புறம் தொழிலாளிங்க மேல நான் போட்ட பழில உண்மையா இருந்த பகுதி. குமிழி. துண்டத் தண்ணில முக்கி அடர்த்தி பாத்தா 1.43, குமிழியே இல்லன்னா 1.49 இருக்கணும், ஆக நாலு சதவீதம் காத்து. கைல செய்யற வேலைக்கு இது அதிசயம் இல்ல. பெட்டில ரெசினுக்குள்ள ஓட்டை போட்டேன், உடனே எஃப்.எஃப்.டி. மொரண்டு புடிச்சுது, ஏன்னா பழைய முறைல ரெண்டு பொருளுக்கும் விறைப்பு வித்தியாசம் கூடக் கூட சுத்து கூடிக்கிட்டே போகும், ஓட்டைன்னா வித்தியாசம் முடிவே இல்லாதது, கரை சேரவே சேராது. வேற தீர்வு முறைக்கு மாத்தி ஓட்டுனப்ப 8.0. ஐப்பசி மழைல ஊறுன காத்துல ரெசின் சரியா வேகலைங்கிறதும் உண்மைதான், அதே வாளி ரெசின்ல தனியா ஊத்துன ஒரு கட்டைய வளைச்சா 3.3 இல்ல, 2.8. அதுலயே ஒரு துண்ட 80 டிகிரில சில மணி நேரம் வெச்சு எடுத்தா 3.2க்கு ஏறிடுச்சு, ஆக வேகாத ரெசின், கெட்ட ரெசின் இல்ல. 2.8 போட்டா மேட் 7.5. அளந்தது 6.9. மிச்சம் எட்டு சதவீதம், ஸ்ட்ராண்டு நெஜத்துல நேரா இல்லாம அலையலையா கெடக்கும், அதுவா இருக்கும். அதுக்கு மேல நோண்டல.

இதுல ஒண்ணு தலைகீழா இருந்துச்சு. விறைப்பு பாதி ஆயிடுச்சுன்னு கேட்டதும் நானும் மாமாவும் நெனச்சது ரெசினக் கொறச்சா சரியாயிடும்னு. ஒரே ஒரு 450 மேட்டு லேயர எடுத்துப் பாருங்க. 0.30 பங்குல அழுத்திச் செஞ்சா தடிமன் 0.59 மில்லி, விறைப்பு 13 சொச்சம். 0.17ல கைல செஞ்சா தடிமன் 1.05, விறைப்பு 8.7. வளையறதுக்குத் தடிமன மூணு தடவ பெருக்கணும், பெருக்கிப் பாத்தா மொதல்ல சொன்னது 2.7, ரெண்டாவது 10. கண்ணாடி அதே 450 கிராம், பொருளா பாத்தா தொளதொள, பலகையா பாத்தா கிட்டத்தட்ட நாலு மடங்கு விறைப்பு. எடை அறுவது சதவீதம் கூடும், அது வேற விஷயம், அதுதான் படகுக்காரரோட இடுப்பு. ஆனா "ரெசின் தாராளமா இருந்தாத்தான் தம்பி பலகை நிக்கும்"னு அண்ணன் சொல்றப்ப நான் மனசுக்குள்ள சிரிச்சது இருக்கே, அதுக்கு இப்பவும் கூச்சமா இருக்கு. எஃபெக்டிவ் மாடுலஸ், அதாவது அந்தச் சமமான பொருளோட விறைப்பு, கூடினா நல்ல பலகைன்னு எடுத்துக்கிறவங்க, வெளில இருக்கிற பெரிய இடங்கள்லயும், இந்த எடத்துல சறுக்குறத நான் பாத்திருக்கேன்.

சரி, மூடி. அஞ்சு லேயர் நெஜத்துல 6 மில்லிக்கு மேல தொங்குது, 5க்குள்ள வரணும். ரோவிங்க வெளில கொண்டாந்தா வளைவுக்கு நல்லதுதானேன்னு கேட்டேன், அண்ணன் ஒத்துக்கல, ஜெல்கோட்டுக்கு (வெளிப்பக்கத்து வழவழப்புப் பூச்சு) அடில மேட் தான் வரணும், இல்லன்னா நெசவுக் கட்டம் மேல தெரியும், தண்ணியும் எறங்கும்னாரு, அது சரிதான். "ரிப்பக் கிட்டக் கிட்ட வையேன்"னாரு. கணக்குப் பாத்தா தொங்கறது கட்டத்தோட அளவ ரெண்டு தடவ பெருக்கின மாதிரி கொறையும், 25 சென்டிய 20 ஆக்கினா 6.2 மில்லி நாலாயிடும். லேயர எடுத்ததுல மிச்சமான 2.7 கிலோல கூட்டுற ரிப்புக்கு ஒரு கிலோ போனாலும் படகுக்காரருக்கு லாபம். ஹோமோஜெனைசேஷன் பண்ணாமலே அண்ணன் இதத்தான் சொல்லியிருப்பாரு, ஆனா 20ஆ 18ஆங்கிறதுக்கு ஒரு நம்பர் வேணும்ல, அந்த அளவுக்கு என் பெட்டிக்கு வேலை இருந்துச்சு.

கார்த்திகைல மழை விட்ட ஒரு வாரத்துல புது மூடி செஞ்சாங்க, செட் ஆகறதுக்குக் கூட ரெண்டு நாள் விட்டோம், மூடிய வெயில்ல போட்டோம். எழுபது கிலோ ஆளா நானே ஏறி நின்னேன், அண்ணன் அடில டயல் கேஜ் வெச்சுப் பாத்தாரு, 4.3. டொக்கு இல்ல. படகுக்காரர் ஒத்தக் கைல தூக்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வண்டில ஏத்திக்கிட்டாரு. அந்த டொக்கு மூடிய மாமா தூக்கிப் போடல, நாலு செங்கல் மேல வெச்சு மேட் எடை போடற மேசையா வெச்சிருக்காரு. தராசுக்குப் பக்கத்துல செவுத்துல கரில எழுதியிருக்கு, அண்ணன் கையெழுத்து: கிராம் கூட்டி 2,550ஆல வகு, எத்தன மில்லி கண்ணாடின்னு வரும்.